வலது குதிகாலும் வடக்குத் திசையும்

தோலில் எங்கே சிவப்பைப் பார்த்தாலும் விரலை வைத்து அழுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்றுவரை போகவில்லை. பிள்ளையின் கையில் கொசு கடித்த தடமானாலும் சரி, வீட்டுக்காரரின் மூக்கில் கண்ணாடி அழுந்திய தடமானாலும் சரி, என் விரல் தானாகப் போய்விடும். "விடு தாயே, நான் உன் பேஷன்ட் இல்ல" என்பார் அவர். அழுத்தினால் வெளுத்து, விரலை எடுத்ததும் மறுபடி சிவந்தால் பயமில்லை. உள்ளே ரத்தம் ஒழுங்காக ஓடுகிறது. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே கிடந்தால் அந்த இடம் புண்ணாகப் போகிறது என்று அர்த்தம். இதைப் பாளையங்கோட்டையில் படிக்கும்போதே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் மனதில் ஏறியது துபாயில், ஒரு மனிதரின் வலது குதிகாலில்தான்.

அப்போது துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நாங்கள் சத்வாவில் ஒரு தையல்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தோம். தேராப் பக்கம் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை, ஆண்கள் வார்டு. தோண்டிப்போட்ட ரோட்டைச் சுற்றிச் சுற்றி பஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரோடு டூட்டிக்குப் போவேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த பஸ்ஸில் தினமும் போய்வந்தால் யாருக்கும் வரும்.

அந்த மனிதர் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயதை ஒட்டி இருக்கும். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் முடிந்து எங்கள் வார்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கை இரண்டும் மட்டும் கம்பி வளைத்து உரம் ஏறிய கை. அவர் என் கையைப் பிடித்து "வணக்கம் சிஸ்டர், தமிழா நீங்க" என்று குலுக்கியதில் எனக்கு மணிக்கட்டு வலித்தது.

அவர் முதுகெலும்பைப் பற்றி நாங்கள் செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை. டாக்டர் அதை அவரிடமே சொல்லிவிட்டார், நான்தான் தமிழில் சொன்னேன். அவர் மேலே பார்த்தபடியே, "அப்ப ஊருக்கு அனுப்பிடுங்க" என்றார். அதுதான் அவருக்கு வேண்டியது. கம்பெனியும் ஒத்துக்கொண்டது. விமானத்தில் பின்வரிசை சீட்டுகளை மடக்கி, அதன்மேல் ஸ்ட்ரெச்சர் கட்டிக் கொண்டுபோக வேண்டும். அதற்கு டாக்டர் கையெழுத்து வேண்டும். எங்கள் டாக்டர் எகிப்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் சொன்ன சொல்லில் நிற்பவர். "உடம்பில் எங்கேயாவது தோல் திறந்திருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். புண் ஆறிய பிறகுதான் பயணம்" என்று சொல்லிவிட்டார். உணர்ச்சி இல்லாத இடத்தில் ஒரு புண் வந்தால் அது ஆறுவதற்கு மாதக்கணக்காகும், சில சமயம் ஆறவே ஆறாது. ஆக, அந்த மனிதர் ஊர் போய்ச் சேர்வது அவருடைய தோலின் கையில் இருந்தது.

அவர் மனைவி இதை எங்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை லீவு நாளில் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து அவருடைய ரூம்காரர்கள் வருவார்கள். அதில் ராமநாதபுரத்து பாய் ஒருவர், ஊருக்குப் பேசுகிற கார்டு வாங்கிவந்து, தன் மொபைலில் நம்பரைப் போட்டு இவர் காதில் வைப்பார். ஒருநாள் இவர் போனை என்னிடம் நீட்டி, "உங்ககிட்ட பேசணுமாம்" என்றார்.

"அக்கா, எங்க மேலத்தெருவுல ஒருத்தரு சவுதியிலேருந்து இப்படித்தான் வந்தாரு" என்றாள் அவள். அழவில்லை, நிதானமாகப் பேசினாள். "காலு போனது போவட்டும், ஆளு வந்தாருன்னு சந்தோசப்பட்டோம். முதுகு பூரா புண்ணோட வந்தாரு. அந்தப் புண்ணுதான்க்கா அவரக் கொண்டுபோச்சு. இவர நடக்க வச்சு அனுப்புங்கன்னு நான் கேக்கல. புண்ணில்லாம அனுப்புங்க, போதும்."

"அனுப்புதேன். நீங்க தைரியமா இருங்க" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர அது லேசான காரியமில்லை. நீங்களும் நானும் ஒரே பக்கமாகப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டு படுத்துக்கொள்வோம். அவருக்கு வலிக்காது. இடுப்பெலும்பும் வால் எலும்பும் குதிகாலும் மெத்தையில் அழுந்தி, நடுவில் மாட்டிக்கொண்ட தோலுக்கு ரத்தம் நின்று, அது செத்துக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்காக வேறு யாராவது அந்த வலியை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வேலை அதுதான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்போம். வலம், மல்லாக்க, இடம். இழுக்கக் கூடாது, அடியில் விரித்த துணியோடு இரண்டு பேராகத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். இழுத்தால் மேல்தோல் ஒரு பக்கமும் உள்சதை ஒரு பக்கமும் போய்க் கிழியும். விரிப்பில் ஒரு மடிப்பு இருக்கக் கூடாது, சோற்றுப் பருக்கை கிடக்கக் கூடாது. ஈரம் பட்டால் உடனே ஒற்றி எடுத்து களிம்பு தடவ வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். குதிகாலில் சதை கிடையாது. எலும்பு, அதன்மேல் தோல், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முதல் எதிரி, வெள்ளிக்கிழமை வருகிற பாசக்காரக் கூட்டம். ஒருநாள் நான் சாப்பிட்டுத் திரும்பினால் வார்டே சந்தன வாசனை. ரூம்காரர்கள் நாலு பேர் சுற்றி நின்று, ஒருவர் தேங்காய் எண்ணெய் போட்டு முதுகை அழுத்தி உருவ, இன்னொருவர் மேலே பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்தார். பஜ்ஜிக்கு மாவு தோய்த்ததுபோல் படுத்திருந்தார் நம்மாள்.

"என்ன செய்தீய?" என்றேன்.

"ரத்த ஓட்டம் வரட்டும்னு உருவி வுடுறோம் சிஸ்டர். லேசா செவந்திருந்துச்சு."

"செவந்த இடத்த உருவினா ஓட்டமா வரும்? உள்ள இருக்கிற சின்ன ரத்தக்குழா எல்லாம் நைஞ்சுபோவும். பவுடரு வேர்வையில கட்டிப்போயி மணலு மாதிரி அறுக்கும். கொண்டாங்க அத." பவுடர் டப்பாவைப் பிடுங்கி என் லாக்கரில் பூட்டினேன். அடுத்த வெள்ளி புது டப்பா வந்தது. அதையும் பூட்டினேன். அந்த மாதம் என் லாக்கரைத் திறந்தால் கல்யாண வீட்டு வாசனை அடிக்கும். கோபித்துக்கொண்டேனே தவிர, அவர்களைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. வாரத்துக்கு ஒரே லீவு, அதிலும் பாதி நாள் பஸ்ஸில் போகும். வெறுங்கையோடு வந்து கட்டிலைச் சுற்றி நிற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பிறகு அவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். சாய்க்கும்போது முதுகுக்குத் தலையணை வைப்பது பாயின் பொறுப்பு. அவர் அதை ஒரு கோபுரம் கட்டும் கவனத்தோடு செய்தார்.

இப்படியாக முதுகு தப்பியது, இடுப்பு தப்பியது. பயணத்துக்கு ஏற்பாடெல்லாம் ஒழுங்காகிவந்த சமயத்தில் வலது குதிகாலின் வெளி ஓரம் சிவந்தது.

முதலில் அழுத்தினால் வெளுத்தது. சரி, தலையணை நழுவியிருக்கும் என்று வைத்துவிட்டுப் போனேன். அடுத்த நாளும் சிவப்பு. அதற்கடுத்த நாள் அழுத்திப் பார்த்தபோது வெளுக்க நேரம் எடுத்தது. இடது குதிகால் குழந்தையின் கால் மாதிரி இருக்கிறது, வலது மட்டும் சிவக்கிறது. தலையணையை மாற்றினேன், கொஞ்சம் தடிமனாக வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கால் தலையணையை விட்டு இறங்கி, கட்டிலின் பக்கக் கம்பியில் முட்டிக்கொண்டு கிடக்கிறது. அசையாத கால் எப்படி இறங்கும்? துடைக்க வருகிறவன் கட்டிலை இடிக்கிறானோ என்று அவனிடம் கத்தினேன். அவன் பாவம், "மாஃபி, சிஸ்டர், மாஃபி" என்று, நான் இல்லை என்பதுபோல் கையை விரித்தான். காற்று மெத்தை ஒரு பக்கம் சரிகிறதோ என்று டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். அவன் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் குறையில்லை என்று போய்விட்டான்.

வார்டு இன்சார்ஜ் பிலிப்பைன்ஸ்காரி. ஐந்தடி உயரம்கூட இருக்க மாட்டாள், ஆனால் அவள் வரும் சத்தம் கேட்டால் டாக்டர்களே சட்டைப் பித்தானைச் சரிபார்ப்பார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த நோயாளியின் மொழி தெரிந்தவள் நீ. உன் கண்ணெதிரில் எப்படி இது நடக்கிறது? டாக்டர் நாளை மறுநாள் பார்க்கப் போகிறார். தோல் பிரிந்தால் அவன் போக முடியாது, தெரியுமில்லையா" என்று இங்கிலீஷில் கேட்டாள். சுருக்கென்றது. தெரியுமில்லையா என்று என்னிடமா கேட்பது? அவர் மனைவிக்கு வாக்குக் கொடுத்தவள் நான். வாயைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன், ஆனால் அன்று முழுக்க எனக்குக் காது சூடாக இருந்தது.

அன்று மத்தியானமே குட்டு உடைந்தது. அவரை மல்லாக்கப் போட்டு, காலைத் தலையணையில் ஏற்றி, குதிகால் அந்தரத்தில் நிற்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, "அசையாம கிடங்க" என்று சொல்லி நகர்ந்தேன். களிம்பை அங்கேயே வைத்துவிட்டது ஞாபகம் வர, கதவருகிலிருந்து திரும்பினேன். நம்மாள் இரண்டு கையாலும் இடது பக்கக் கம்பியைப் பிடித்து, உடம்பை இழுத்துக்கொண்டிருந்தார். தலையும் தோளும் கட்டிலின் இடது மூலைக்குப் போக, இடுப்பு திருகி, அதன்கூடவே இரண்டு காலும் தலையணையிலிருந்து வழுக்கி வலது பக்கம் இறங்கின. வலது குதிகால் போய்க் கம்பியில் டக்கென்று இடித்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. கோணலாகப் படுத்துக்கொண்டு திருப்தியாக மூச்சு விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏன்யா, உமக்கு ஊருக்குப் போகணுமா வேண்டாமா?" என்றேன். அண்ணே என்று கூப்பிட்ட வாய்தான், அன்று மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. "நாங்க ரெண்டு பேரு முதுகு ஒடியத் தூக்கி வைக்கோம், நீரு பாட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போறீரு. அங்க பாரும், கால எங்க கொண்டுபோயி வச்சிருக்கீரு. நாளன்னைக்கு டாக்டரு பாத்து முடியாதுன்னு சொன்னா உம்ம வீட்டம்மாவுக்கு யாரு பதில் சொல்லுவா?"

அவர் எட்டிப் பார்த்தார். குதிகாலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, இதனாலயா சிஸ்டர்?" என்றார்.

"பின்ன? எதுக்கு இழுக்கீரு, சொல்லும்."

கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு கூரையைக் காட்டினார். அங்கே கிப்லா அம்பு ஒட்டியிருந்தது. தொழுகைக்குத் திசை தெரிவதற்காக எல்லா வார்டிலும் ஒட்டியிருக்கும் பச்சை அம்பு. தினமும் அதற்குக் கீழேதான் நடக்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"பாய் சொன்னாரு, அது அவங்க தொழுவுற பக்கம்னு. அப்ப மேற்குதானே சிஸ்டர்? மல்லாக்கப் படுத்தா அம்பு என் சோத்தாங்கைப் பக்கம் போவுது. சோத்தாங்கை மேற்குன்னா தலை எங்க இருக்குது?"

நான் மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். வடக்கு.

"வாராத செல்வம் வந்தாலும் வடக்கே தலை வைக்காதேம்பாங்க. நான் இத்தன நாளா வடக்கே வச்சுல்ல கெடந்திருக்கேன். அதான் கொஞ்சம் ஈசானி மூலைப் பக்கமா சாஞ்சுக்கிறது. ஈசானி சாமி மூலை, தப்பில்ல."

வலது குதிகால் எனக்கு விளங்கிவிட்டது. தலை வடகிழக்கே போனால் கால் தென்மேற்கே போகத்தானே செய்யும். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு, "இதுக்காகவா தோலக் கிழிச்சுக்கிடப் பாத்தீரு? உயிரு பெரிசா, தெசை பெரிசா?" என்றேன்.

"எனக்காவ இல்ல சிஸ்டர். அவ ஒவ்வொரு வாட்டியும் போனுல கேப்பா, தல எந்தப் பக்கம் வச்சிருக்கீங்கன்னு. மேலத்தெருக்காரரு அங்க ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா வடக்கே தலை வச்சுக் கெடந்தாராம். அதனாலதான் புண்ணு வந்துச்சுன்னு இவ நெனப்பு. மொத நாளு கேட்டப்ப, தெரியாம, தெக்கேன்னு சொல்லிப்புட்டேன். போன வெள்ளிக்கெழமதான் பாய் அம்பக் காட்டினாரு. தெரிஞ்ச பொறவு அது பொய்யாயிடுச்சுல்ல. தெக்கேதான் முடியாது, வடக்கேயாவது இல்லாம இருக்கட்டும்னுதான்." குதிகாலை மறுபடி பார்த்துவிட்டு, "அவகிட்ட இதுவரைக்கும் நான் பொய் சொன்னதில்ல சிஸ்டர்" என்றார்.

என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. பாவி மனுஷா, இதை முதல் நாளே என்னிடம் சொல்வதற்கென்ன என்றுதான் தோன்றியது. புண் வரக் கூடாதென்று அவள் அங்கிருந்து கேட்கிறாள். அவள் கேட்டதற்காக இவர் இங்கே புண் வரவழைக்கிறார். இரண்டு பேர் பாசமும் சேர்ந்து ஒரு குதிகாலை அரைத்துக்கொண்டிருக்கிறது. இதை எந்தப் பாடப்புத்தகத்தில் போய்த் தேடுவது?

நான் வேதக்காரி. அங்கே வெள்ளிக்கிழமைதான் சர்ச், டூட்டி முடிந்தாவது தவறாமல் போகிறவள். திசையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒரு பிரசங்கம் வைத்திருக்கலாம். ஆனால் சத்வாவில் எங்கள் ஒற்றை அறையில் கட்டில் எப்படிக் கிடக்கிறது என்று யோசித்தேன். குடிபோன அன்று, ஏசிக் காற்று முகத்தில் அடிக்கிறது என்று சாக்குச் சொல்லி வீட்டுக்காரரைக் கட்டிலைத் திருப்பிப் போட வைத்தவள் நான்தான். தலைமாடு தெற்கே. ஆக, பிரசங்கத்தை விட்டுவிட்டேன்.

எங்கள் வார்டில் கட்டில்கள் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. இந்த வரிசைக்குத் தலைமாடு வடக்குச் சுவர் என்றால் எதிர் வரிசைக்குத் தெற்குச் சுவர். நேர் எதிரே காலில் மாவுக்கட்டோடு ஒரு பாகிஸ்தான் பட்டாணிக்காரர் படுத்திருந்தார், டாக்ஸி ஓட்டுகிறவர். அவரிடம் போய் என் ஓட்டை இந்தியில், இடம் மாறிக்கொள்ள முடியுமா பாய் என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு எதிர்க் கட்டிலைப் பார்த்தார். "அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. "அச்சா. யல்லா" என்று அப்போதே எழுந்திருக்கப் பார்த்தார். பிடித்து உட்கார வைத்தேன்.

இன்சார்ஜ்தான் பாக்கி. நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் அவர் கிடந்த கட்டில் கனமான கேஸுக்கு மட்டும் என்பது அவள் சட்டம். அதை மாற்ற வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது மருத்துவக் காரணத்தை ஜோடிக்கலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். அந்த மனிதர் பொய் சொல்ல மாட்டேன் என்று கட்டிலில் இழுபட்டுக் கிடக்கும்போது நான் ஜோடிப்பது நன்றாக இல்லை. உள்ளபடியே சொன்னேன். எங்கள் ஊரில் பிணத்தைத்தான் வடக்கே தலை வைத்துக் கிடத்துவார்கள் என்று அவர் நம்புகிறார், அதனால்தான் இழுக்கிறார் என்றேன். சிரிக்கப் போகிறாள், சிரித்தால் நான் சும்மா விடப் போவதில்லை என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள். "எங்கள் ஊரில் வாசலுக்கு நேரே கால் நீட்டிப் படுக்க மாட்டோம். பிணத்தைத்தான் அப்படிக் கொண்டுபோவார்கள்" என்றாள். "ஹாஸ்டலில் எனக்குக் கொடுத்த கட்டில் வாசலுக்கு நேரே இருந்தது. வந்த அன்றைக்கே அலமாரியை நகர்த்திக் கட்டிலை மாற்றினேன். அதில் முதுகு பிடித்து மூன்று நாள் லீவு." பிறகு பழைய குரல் திரும்பிவிட்டது. "இழுக்காமல் தூக்கி மாற்றுங்கள். காற்று மெத்தையும் கூடவே போக வேண்டும். நான் பார்ப்பேன்."

சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டோம். புதுக் கட்டிலில் மல்லாக்கப் படுத்ததும் அவர் முதலில் கூரையைப் பார்த்தார். அம்பு இப்போது இடது கைப்பக்கம் போனது. மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்து, "தெக்கே" என்றார். அதற்குப் பிறகு அவர் கம்பியைத் தொடவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தார். எதிரே ஜன்னலோரம் பட்டாணிக்காரர் தலையை வடக்கே வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "அவருக்கு ஒண்ணும் ஆவாதுல்ல சிஸ்டர்?" என்று இவர் கவலைப்பட்டார். "அவருக்கு வேற கம்பெனி, வேற ரூல்" என்றேன்.

டாக்டர் வந்த அன்று நான் ரவுண்டில் கூடவே நின்றேன். முதுகு பார்த்தார், இடுப்பு பார்த்தார், கடைசியில் குதிகாலுக்கு வந்தார். இன்னும் லேசாகச் சிவப்பு இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தபோது அந்த இடம் வெள்ளையாக இருந்தது, பிறகு மெல்ல மெல்ல ரோஸ் நிறம் திரும்பி வந்தது. "தமாம்" என்றார் டாக்டர், எல்லாம் சரி என்று. நோயாளி என்னைப் பார்த்தார். "பாஸாயிட்டீய அண்ணே" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, களிம்பு எடுக்கப் போகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

கூடப் போக ஒரு நர்ஸ் வேண்டும் என்று கம்பெனி கேட்டது. எனக்கும் ஊருக்குப் போகிற லீவு வந்திருந்தது, நானே போகிறேன் என்றேன். புறப்படும் நாளில் பாயும் மற்றவர்களும் டூட்டிக்குப் போகும் முன் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் லாக்கரிலிருந்த பவுடர் டப்பாக்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தேன். "நீங்களே போட்டுக்கிடுங்க, கேம்ப்பு மணக்கட்டும்" என்றேன்.

விமானத்தில் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "சிஸ்டர், இதுல தல எந்தப் பக்கம்?" விமானம் போகிற திசையில்தான் ஸ்ட்ரெச்சரின் தலைமாடு. துபாயிலிருந்து சென்னை கிழக்கே. "கிழக்கே தலை, வேற என்ன வேணும்" என்றேன். பக்கத்துச் சீட்டுகளில் லீவுக்குப் போகிற நம் ஊர்ப் பையன்கள். அவரைச் சாய்த்துப் போடும்போதெல்லாம் இரண்டு பேர் எழுந்து போர்வையைத் திரையாகப் பிடிப்பார்கள், இரண்டு பேர் தூக்கித் தருவார்கள். யாரும் கேட்டுச் செய்யவில்லை.

சென்னையில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது, அவரை உள்ளே ஏற்றினோம். அவர் மனைவியை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். போனில் கேட்ட குரலுக்கு ஆள் ரொம்பச் சின்ன உருவமாக இருந்தாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கேட்கும் முன்பே விளங்கிவிட்டது. "பாருங்க" என்று போர்வையை விலக்கி, அவரை லேசாகச் சாய்த்துப் பிடித்தேன். ஆம்புலன்ஸுக்குள் ஏறி, முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள். கால்மாட்டுக்கு வந்து நின்றாள்.

"தொடலாமாக்கா?"

"தொடுங்க. தேய்க்க மட்டும் கூடாது. இந்த வெளி ஓரந்தான் செவந்து கெடந்துச்சு. குதிகால் எதுலயும் படாம பாத்துக்கிடணும். தலவாணிய இங்க, கெண்டைக்கு அடியில வைக்கணும்" என்று காட்டினேன். தலையணை விமானத்தோடு போய்விட்டது. ஆம்புலன்ஸில் வேறு இல்லை. டிரைவரிடம் நான் சத்தம் போட ஆரம்பிப்பதற்குள் அவள் ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கெண்டைக்காலையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வலது குதிகாலின் வெளி ஓரத்தில், இப்போது எந்தத் தடமும் இல்லாத அந்த இடத்தில், விரல் நுனியை மெதுவாக வைத்தாள்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ தொடுறது எனக்குத் தெரியலடி" என்றார்.

"எனக்குத் தெரியுது. போதும்" என்றாள் அவள்.

டிரைவர் கதவைச் சாத்த வந்தார். பெரம்பலூருக்குத் தெற்கே பார்த்துத்தான் போக வேண்டும், தலைமாடு டிரைவர் பக்கம் இருந்தது. அதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டி கிளம்பும்போது கண்ணாடி வழியாகக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். அவள் மடிக்கு வெளியே இரண்டு குதிகாலும் எதிலும் படாமல் இருந்தன.